குளத்தங்கரையில் விடப்பட்டவர்கள்

2020 மார்ச் 24-ஆம் நாளை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. அன்று மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் தடையுத்தரவு நடைமுறைக்கு வந்தது. இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு முதல் நாடு முழுவதும் அடைக்கப்படும் என்று அறிவித்தார். மறுநாள் மங்களவார்த்தைத் திருநாள். ஆலயக் கதவுகள் சாத்திக் கிடக்க, வானதூதர் கன்னி மரியாவுக்குக் கொண்டுவந்த செய்தியை வீட்டுக்குள் அமர்ந்தபடியே தியானித்தோம்.

அந்த மார்ச் 24 இன்னொன்றுக்கும் உரிய நாள். 1882-இல் அதே நாளில்தான் இராபர்ட் கோக் என்னும் அறிஞர், காசநோயை உண்டாக்கும் கிருமியைத் தாம் கண்டறிந்ததாகப் பெர்லின் நகரில் அறிவித்தார். அதன் நினைவாக அந்நாள் உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆக, உலகக் காசநோய் நாளின் மாலையில்தான் காசநோயாளி மருந்து வாங்கச் செல்லும் சாலை மூடப்பட்டது. இது தற்செயலே, எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று. ஆனால் அந்தத் தற்செயலை அன்று எவரும் கவனிக்கவுமில்லை என்பதுதான் நம்மை உறுத்துகிறது. செய்தித்தாள்கள் கவனிக்கவில்லை, ஆலய அறிவிப்புகள் கவனிக்கவில்லை, நாமும் கவனிக்கவில்லை.

கொரோனாவை எளிதாகக் கருதும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்லோம் நாம். 2021 மே மாதத்தில் மூச்சுக்காற்றுக்காக மருத்துவமனை வாசல்களில் மக்கள் தவித்ததைக் கண்டோம். குருக்களையும் அருள்சகோதரிகளையும் அண்டை வீட்டாரையும் இழந்தோம். நம் வழக்கு வேறு. பெருந்தொற்று முடிந்தபின் நன்றித் திருப்பலி நிறைவேற்றி, 'கடவுள் நம்மைக் காத்தார், கடந்து வந்துவிட்டோம்' என்று ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டோமே, அந்த 'நம்மை' என்னும் சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்பதே நம் வினா.

யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், எருசலேமின் பெத்சதா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகளாகப் படுத்துக் கிடந்த மனிதர் ஒருவர் வருகிறார். தண்ணீர் கலங்கும்போதெல்லாம் அவரை இறக்கிவிட ஆளில்லை. அவர் தட்டுத்தடுமாறிச் செல்வதற்குள் வேறொருவர் இறங்கிவிடுகிறார். இதை அவர் ஆண்டவரிடம் முறையிடுகிறார். அந்த மனிதரின் நோயைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம். முப்பத்தெட்டு ஆண்டுகளாக அவரைத் தாண்டிச் சென்று இறங்கியவர்களைப் பற்றி ஒரு மறையுரையும் கேட்டதாக நினைவில்லை.

2020-இல் தாண்டிச் சென்றது கொரோனா. காசநோயைக் கண்டறிவதற்காக வாங்கப்பட்ட மூலக்கூற்றுப் பரிசோதனைக் கருவிகள் கொரோனாச் சோதனைக்குத் திருப்பப்பட்டன. நெஞ்சுநோய் வார்டுகள் கொரோனா வார்டுகளாயின. சளி மாதிரி வாங்கும் பணியாளரும் வீடு வீடாகச் சென்று மாத்திரை விழுங்கச் செய்யும் பணியாளரும் காய்ச்சல் கணக்கெடுக்க அனுப்பப்பட்டனர். விளைவு என்ன? 2019-இல் இந்தியாவில் காசநோயாளிகள் எனப் பதிவானோர் ஏறத்தாழ 24 லட்சம். 2020-இல் அது 18 லட்சமாகச் சரிந்தது. மிச்சமுள்ள ஆறு லட்சம் பேர் குணமாகிவிடவில்லை. இருமிக்கொண்டே வீட்டில் இருந்தார்கள். மருந்தின்றி விடப்பட்டால் காசநோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்துபோவார்கள், எச்.ஐ.வி.யும் உடனிருந்தால் பிழைப்பவர் மிகச் சிலரே. பத்தாண்டுகளுக்கு மேலாகக் குறைந்துகொண்டே வந்த காசநோய்ச் சாவுகள் 2020-இல் உலக அளவில் மீண்டும் ஏறி 15 லட்சத்தைத் தொட்டன. அவர்களுள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எச்.ஐ.வி. உள்ளவர்கள். அதே ஆண்டில் எச்.ஐ.வி. பரிசோதனைகள் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்தன என்று உலக நிதியம் தான் உதவும் நாடுகளைப் பற்றிக் கணக்கிட்டது.

கொரோனாவும் இவர்களைத்தான் கூடுதலாகத் தாக்கியது. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாநிலத்தில் 2020-இல் மருத்துவர்கள் செய்த ஆய்வில், எச்.ஐ.வி. உள்ளவர் கொரோனாவால் இறக்கும் ஆபத்து மற்றவரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு எனவும், காசநோய் நடப்பில் உள்ளவருக்கு அது இரண்டரை மடங்குக்கும் அதிகம் எனவும் தெரியவந்தது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மருந்தை ஒழுங்காக உண்டு உடலின் எதிர்ப்பாற்றலைக் காத்துக்கொண்ட எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஏனையோரைப் போலவே பெரும்பாலும் தப்பினர். ஆகவே அவர்களுக்கும் சாவுக்கும் இடையே நின்றது அந்த மாத்திரைப் பட்டைதான். அந்த மாத்திரைப் பட்டைக்குச் செல்லும் பேருந்தைத்தான் நாம் நிறுத்தினோம்.

எங்கள் அவலாஞ்சிப் பக்கத்தின் கதையைச் சொல்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலை சரிந்து விழுந்ததால் வெள்ளைக்காரர் இட்ட பெயர் இது. பெயருக்கு ஏற்றாற்போல, 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் எண்பது சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி நாடெங்கும் தலைப்புச் செய்தியானது. சாலைகள் அறுந்தன, அகப்பட்டுக்கொண்டவர்களை மீட்க வேண்டியதாயிற்று. ஓர் இரவில் சாலை இல்லாமற் போகக்கூடும் என்னும் பாடத்தை, பெருந்தொற்றுக்கு ஏழு மாதங்களுக்கு முன்னரே மலை எங்களுக்குக் கற்றுத்தந்திருந்தது. யார் வீட்டில் எத்தனை நாளுக்கு மருந்து இருக்கிறது என்று அப்போதே கேட்டு வைத்திருக்கலாம். அறுந்த சாலையைப் பற்றி மட்டுமே பேசினோம்.

இங்கே தேயிலைத் தொழிலாளர் பலர் லைன் வீடுகளில் வாழ்கின்றனர். 1964-ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. ஒரே அறையில் ஆறு பேர். குளிருக்கு அஞ்சிச் சன்னலைத் திறப்பதில்லை. உள்ளே விறகடுப்பு. காசநோய்க் கிருமிக்கு இதைவிட ஏற்ற இடம் வேறில்லை. 'வீட்டிலேயே இருங்கள், பாதுகாப்பாக இருங்கள்' என்று ஒலிபெருக்கி கட்டிய வண்டி சொல்லிப் போனபோது, அந்த அறையில் இருமிக்கொண்டிருந்தவரோடு மற்ற ஐந்து பேரும் இரவும் பகலும் அடைபட்டார்கள். பங்களாவில் இருப்பவருக்கு வீடு காப்பு. லைன் வீட்டில் இருப்பவருக்கு அதே வீடு தொற்றிடம்.

இருமல் வந்தவரோ வாய் திறக்கவில்லை. கொரோனா என்று தெரிந்தால் கதவில் ஒட்டுத்தாள் ஒட்டுவார்கள், வாசலைத் தகரத்தால் அடைப்பார்கள், குடும்பத்தோடு கூட்டிப்போவார்கள் என்ற அச்சம். மூன்று வாரம், நான்கு வாரம் என இருமலைத் துணியால் பொத்தியே காலம் கடத்தினர். கொரோனாவுக்கும் காசநோய்க்கும் காய்ச்சலும் இருமலும் பொது என்பதால், ஒன்றைச் சோதிக்கும்போது மற்றதையும் சோதிக்குமாறு நடுவண் அரசு 2020 ஆகஸ்டில் அறிவுரை வழங்கியது. நல்ல அறிவுரை. ஆனால் இரண்டுக்குமே அஞ்சி ஒளிந்தவரிடம் அது எப்படிப் போய்ச் சேரும்?

எங்கள் அன்பியத்தில் ஒரு பெண்மணி இருக்கிறார். அவருடைய ஒப்புதலோடு, அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கி எழுதுகிறோம். கணவரை இழந்தவர், எச்.ஐ.வி. உள்ளவர். இதைப் பல ஆண்டுகள் எவரும் அறியார். உதகையில் தெரிந்த முகங்கள் இருக்கும் என்பதற்காக, மாதம் ஒரு முறை, தங்கையைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கோவைக்குப் போய் மருந்து வாங்கி வருவார். அவருடைய மறைவு வாழ்க்கை முழுவதும் ஒரு பேருந்தின் மேல் நின்றது. 2020 மார்ச் இறுதியில் அவர் கையில் இருந்தது பதினொரு நாளுக்கான மாத்திரை. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் கேட்டார்கள். இ-பாஸுக்குக் காரணம் கேட்டார்கள். காரணத்துக்குச் சான்று கேட்டார்கள். யாரிடமும் சொல்லக் கூடாத ஒன்றை விண்ணப்பத்தில் எழுதிக் கணினி மையத்துப் பையனிடம் கொடுக்க அவரால் இயலவில்லை. பன்னிரண்டாம் நாள் முதல் மருந்து இல்லை.

ஏப்ரல் மாதத்தில் நாங்கள் அவர் வீட்டுக்குச் சென்றோம். பங்கின் சார்பில் ஐந்து கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய், இரண்டு முகக்கவசம் அடங்கிய பை. நாங்கள் நான்கு பேர். ஒருவர் கையில் படம் எடுக்க அலைபேசி. 'வேறு ஏதாவது வேணுமாக்கா?' என்று கேட்டோம். 'ஒண்ணும் வேண்டாம் தம்பி, ஆண்டவர் பார்த்துப்பார்' என்றார். மனநிறைவோடு திரும்பினோம். அடுத்த குளிர்காலத்தில் அவருக்குக் காசநோய் கண்டது. மருந்து நின்ற உடலில் அந்நோய் புகுவது எளிது, எச்.ஐ.வி. உள்ளவர்களை வேறெந்த நோயையும் விட அதிகமாய்க் கொன்றுவருவது காசநோயே. அவர் பிழைத்தார். எல்லாவற்றையும் எங்களுள் ஒருவரிடம் அவர் சொன்னது 2022-இல். அன்று நான்கு பேராய், அலைபேசியோடு வாசலில் நின்றவர்களிடம் அவர் வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

நாம் எழுதுவதற்கு வரக்கூடிய மறுப்புகளை அறிவோம். 'அது அவசர நிலை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?' என்பது முதலாவது. முடியும் என்பதற்கு அக்காலமே சான்று. மூன்று மாத மருந்தை ஒரே முறையில் கொடுக்க இயலாது, நோயாளிகள் விற்றுவிடுவார்கள், மறந்துவிடுவார்கள் என்றெல்லாம் முன்பு சொல்லப்பட்டது. 2020-இல் தேசிய எயிட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு பல மாத மருந்தைச் சேர்த்து வழங்கச் சொன்னது, எச்.ஐ.வி. உள்ளோரின் கூட்டமைப்பினரும் களப்பணியாளரும் பல இடங்களில் வீடு தேடிச் சென்று கொடுத்தனர். உலகம் ஒன்றும் இடிந்துவிடவில்லை. 2021 கோடையில் இதே நீலகிரியில், காட்டுக்குள் இருக்கும் பழங்குடிக் குடியிருப்புகள்வரை ஊசி ஏந்தி நடந்து சென்று, ஏறத்தாழ எல்லாப் பெரியவர்களுக்கும் கொரோனாத் தடுப்பூசி போட்டார்கள் நம் செவிலியர்கள். அந்தக் கால்களுக்கு நம் வணக்கம். அதே பாதையில், அதே பையில், காசநோய் மாத்திரையும் போயிருக்க முடியும் என்று மட்டும் சொல்கிறோம்.

இன்னும் ஒன்று. நோயாளி மருந்தைத் தேடி அலையக் கூடாது, மருந்துதான் நோயாளியின் வீட்டைத் தேடி வர வேண்டும் என்பதை உலகுக்கே கற்றுக்கொடுத்த ஊர் எது? நம் சென்னை. 1956-இல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் மருந்தியல் ஆய்வு மையம், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும் மறுபகுதியினரை அவரவர் குடிசையிலேயே வைத்தும் மருந்து கொடுத்துப் பார்த்தது. நல்ல உணவும் ஓய்வும் இல்லாத வீடுகளில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ நிகராகவே குணமடைந்தனர். அவர்களால் வீட்டாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959-இல் வெளியான அம்முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது. அறுபது ஆண்டுகள் கழித்து, அதே தமிழ்நாட்டில், பேருந்தில்லாத மலையில், நோயாளியே வந்து வாங்கட்டும் என்று காத்திருந்தோம்.

'எயிட்ஸ் அவரவர் தேடிக்கொண்டது' என்பது இரண்டாம் மறுப்பு. இதை வெளியே சொல்வோர் இப்போது குறைவு; உள்ளே வைத்திருப்போர் குறைவில்லை. 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த நாள் முதல் இந்தப் பேச்சு ஓயவில்லை. கணவனிடமிருந்து பெற்ற மனைவி எதைத் தேடிக்கொண்டாள்? தாயிடமிருந்து பெற்ற குழந்தை எதைத் தேடிக்கொண்டது? இப்படிக் கேட்பதுகூடப் பிழையோ என்று தோன்றுகிறது. ஏனெனில் 'குற்றமற்றவர்கள்' எனச் சிலரைப் பிரித்துக் காட்டும்போதே மற்றவர்களைக் கல்லெறிபவரிடம் ஒப்படைத்துவிடுகிறோம். பிறவிக் குருடரைக் கண்டதும் யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டார்கள். ஆண்டவர் அந்தக் கணக்கைப் பார்க்க மறுத்து, சேற்றைக் குழைத்தார். கொரோனா வந்தவரிடம் எங்கே போனாய், யாரோடு இருந்தாய் என்று நாம் கேட்டது தொற்றுத் தடம் அறிய. எச்.ஐ.வி. உள்ளவரிடம் அதையே கேட்கும்போது நம் குரலின் நிறம் மாறிவிடுகிறது.

2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் இறந்த மருத்துவர் சைமன் எர்குலசின் உடலை அடக்கவிடாமல் ஒரு கும்பல் தாக்கியது. வேலங்காட்டில், நள்ளிரவில், நண்பரான மருத்துவர் ஒருவர் தம் கையால் மண் தள்ளிப் புதைக்க நேர்ந்தது. நாம் கொதித்தோம். நியாயமான கொதிப்பு. ஆனால் எயிட்சால் இறந்தவர்களைக் குளிப்பாட்ட ஆளில்லாமல், தூக்க நான்கு தோள் கிடைக்காமல், குடும்பத்தாரே விலகி நின்ற சாவுகள் நம் ஊர்களில் ஆண்டுக்கணக்கில் நடந்தன. அவற்றுக்கு யார் கொதித்தார்கள்? அக்காலத்தில் பிறர் திருப்பியனுப்பிய எயிட்ஸ் நோயாளிகளை ஏற்றுக்கொண்டது, மருத்துவர் சௌரி முத்து 1928-இல் காசநோயாளிகளுக்காக நிறுவிய தாம்பரம் சானடோரியமே. 2004 ஏப்ரலில் நாட்டில் இலவசக் கூட்டுமருந்து முதலில் வழங்கப்பட்ட ஒருசில இடங்களுள் அதுவும் ஒன்று.

'அது அரசின் வேலை' என்பாருக்கு நெடிய விடை தேவையில்லை. அரசின் வேலைதான். ஆகவேதான் அரசிடம் கேட்கவும் வேண்டும். 2022-இல் எச்.ஐ.வி. உள்ளோர் மருந்துத் தட்டுப்பாட்டை எதிர்த்துத் தில்லியில் எயிட்ஸ் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் முன் நாற்பது நாள் அமர்ந்திருந்தனர். 2024-இல் காசநோய் மருந்துகளே தட்டுப்பட்டன. இரண்டு வேளைகளிலும் நம் மேடைகளிலிருந்து ஒரு குரல் கேட்கவில்லை. 2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018-இல் நாடு சூளுரைத்தது; ஆண்டு கடந்தது, நோய் கடக்கவில்லை. 2023-இல் உலகெங்கும் 82 லட்சம் பேருக்குப் புதிதாகக் காசநோய் கண்டறியப்பட்டது. உலக நலவாழ்வு நிறுவனம் 1995-இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அந்த ஆண்டுவரை அதுவே மிக அதிகமாக இருந்தது. கொரோனா விட்டுச் சென்ற முதலிடத்தில், உயிர்கொல்லித் தொற்றுகளின் தலைமையில், காசநோய் மீண்டும் அமர்ந்தது.

செல்வரையும் கொல்லும் நோய்க்கு ஒரே ஆண்டில் பல தடுப்பூசிகள் வந்தன. வரவேற்கிறோம். காசநோய்க்கு இன்றும் நம் கையில் இருப்பது 1921-இல் முதன்முதலாகப் போடப்பட்ட பி.சி.ஜி. ஒன்றே, வளர்ந்தோரின் நுரையீரல் காசத்தை அது நம்பத்தக்கபடி தடுப்பதுமில்லை. நூற்றாண்டு கடந்துவிட்டது. அறிவியலுக்கு இயலாமையா, பணம் போட ஆளில்லாமையா என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

நம் பீடங்களைச் சற்றே பார்ப்போம். ரோசா மலர்களை ஏந்தி நிற்கும் குழந்தை தெரேசாள் 1897-இல் இருபத்து நான்கு வயதில் காசநோயால் இரத்தம் கக்கி இறந்தவர். ஊர்தோறும் நாம் கட்டியிருக்கும் லூர்து கெபியில் முழங்காலிட்டிருக்கும் பெர்னதெத்தும் 1879-இல் அதே நோயால் இறந்தவர். லூர்து அன்னையின் திருநாளான பிப்ரவரி 11-ஐத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உலக நோயாளர் நாளாக ஏற்படுத்தினார். அவ்விரு சிறுமியரும் இன்று எங்கள் லைன் வீடு ஒன்றில் இருமிக்கொண்டிருந்தால், நற்கருணை வாங்க வரிசையில் நிற்கும்போது நாம் இரண்டடி விலகித்தான் நிற்போம். இத்தனைக்கும் சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பெரும்பாலோரிடமிருந்து நோய் பரவுவது நின்றுவிடுகிறது. எச்.ஐ.வி.யோ உடன் அமர்வதாலும் ஒரே தட்டில் உண்பதாலும் பரவுவதே இல்லை. இவையெல்லாம் நமக்குத் தெரியாதவை அல்ல.

கேட்பது பெரிதன்று. பருவமழைக்கு முன்பாக, குந்தா, எமரால்டு, அவலாஞ்சிப் பகுதி நோயாளிகள் கையில் மூன்று மாத மருந்து இருக்க வேண்டும். மழையோ நோயோ எது சாலையை மூடினாலும் அது அவர்கள் வீட்டில் இருக்கும். நோயாளி சளி கொடுக்க மலையேறி இறங்குவதற்குப் பதிலாக, சளி மாதிரி பயணம் செய்யட்டும். மிக நலிந்த காசநோயாளிகளை எடை, மூச்சு, நிற்கும் வலு ஆகியவற்றைக் கொண்டு முதலிலேயே இனங்கண்டு மருத்துவமனையில் சேர்க்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் தொடங்கியது. அது கடைசி லைன் வீடுவரை வருகிறதா என்று பார்க்க நம் அன்பியங்களுக்குக் கண் உண்டு. உணவுக்கென அரசு தரும் மாதம் ஐந்நூறு ரூபாய் 2024 நவம்பர் முதல் ஆயிரமாகியிருக்கிறது. வங்கிக் கணக்கு இல்லாத மூதாட்டிக்கு அதை வாங்கிக் கொடுக்க யாரேனும் ஒருவர் அரை நாள் கூலியை விட வேண்டும். விசுவாசிகளின் மன்றாட்டில் கொரோனாவுக்காக இரண்டாண்டுகள் இடைவிடாது மன்றாடினோம். காசநோயாளிக்காகவும் எச்.ஐ.வி. உள்ளோருக்காகவும் ஒரு வரி சேர்ப்பதற்குப் பங்குப் பேரவையின் தீர்மானம் எதுவும் வேண்டியதில்லை. உதவிப் பை கொண்டுபோகும்போது ஒருவராகப் போகலாம். அலைபேசியைச் சட்டைப்பையில் வைக்கலாம்.

அந்தப் பெண்மணி இப்போது மூன்று மாத மருந்தை ஒன்றாக வாங்கி வருகிறார். காசநோய்க்கான மருந்தையும் உண்டு முடித்துவிட்டார். இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் அவரிடம் படித்துக் காட்டினோம். தங்கை வீட்டுக்குப் போவதாகத்தான் இன்னும் ஊரில் சொல்கிறாராம். உதகைப் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் ஊர்க்காரர் யாரும் இருக்கிறார்களா என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, கோவைப் பேருந்தில் ஏறுகிறார்.